மாமாவுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு மரியாதை

கோபித்துக்கொண்டு போகும் மாமா ஒருவர் இல்லாவிட்டால், அதைக் கல்யாணம் என்றே எங்கள் பக்கத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மேளம் இருக்கும், வாசலில் வாழைமரம் இருக்கும், ஐஸ்கிரீம் கொடுக்கும் இடத்தில் தள்ளுமுள்ளு இருக்கும். அதேபோல் ஏதாவது ஒரு மூலையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கு இங்கன என்ன மரியாதை இருக்கு?" என்று ஒருவர் எழுந்து நிற்பார். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவியைப் போட்டியே இல்லாமல் வகித்து வந்தவர் என் தாய்மாமா பரமசிவன். அவரைத் திருத்துகிறேன் பேர்வழி என்று கிளம்பி, சொந்தத் தங்கையின் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தவள் நான்.

மாமாவுக்கு ஏரல் பக்கம் வாழைத் தோட்டம். தங்கமான மனிதர். தார் வெட்டினால் முதல் தார் எங்கள் முத்தையாபுரம் வீட்டுக்குத்தான் பஸ் ஏறும். (வாழைத்தாருக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்ன கண்டக்டரோடு சண்டை போட்டுவிட்டுத்தான் வந்து இறங்கும் என்பது வேறு விஷயம்.) விசேஷம் என்று வந்துவிட்டால் மட்டும் மனிதர் வேறு ஆள். என் சடங்குக்கு அவர் கொண்டுவந்த சீர்த்தட்டை, அப்பாவின் தங்கை காந்திமதி அத்தையின் தட்டுக்குப் பின்னால் யாரோ வைத்துவிட்டார்கள், எழுந்துவிட்டார். தங்கைக்குக் காது குத்தியபோது அவர் மடியில்தான் குழந்தை, ஆனால் போட்டோவில் அவர் தலை விழவில்லை. படம் கைக்கு வந்த பிறகு ஏரலிலிருந்து கிளம்பி வந்து கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார். என் கல்யாணத்தில் மண்டப வாசலில் வைத்த ஃபிளெக்ஸில் அவர் படம் சித்தப்பா படத்தைவிடக் கட்டைவிரல் அகலம் சின்னதாகப் போய்விட்டது. அன்று பார்த்து மேற்கே இருந்து கச்சான் காற்று அடித்து, சித்தப்பா முகம் இருந்த பக்கம் மட்டும் கிழிந்து தொங்கியது. கடவுளே மாமா கட்சி என்று பேசிக்கொண்டோம்.

அவர் கோபத்துக்கு ஒரு முறை உண்டு. துண்டை உதறுவார். வாசலைத் தாண்டுவார். நேராகப் பக்கத்துப் பஸ் நிறுத்தத்துக்குப் போய், மண்டபத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருவார். ஏரல் பஸ் வரும், நிற்கும், போகும். ஏற மாட்டார். அப்பா தலைமையில் பெரிய மனிதர்கள் நாலு பேர் போய்க் கையைப் பிடித்து, தாடையைப் பிடித்து, "மச்சான், நீங்க இல்லாம தாலி ஏறுமா?" என்று கேட்ட பிறகு எழுந்து வருவார். வந்து செய்ய வேண்டியதைச் செய்வார். ஆனால் சாப்பிட மட்டும் மாட்டார். "ஒங்க சோறு எனக்கு வேண்டாம்" என்று வெறும் வயிற்றோடு ஊருக்குப் போய்விடுவார்.

அம்மாவுக்கு அதுதான் தாங்காது. எந்த விசேஷம் முடிந்தாலும், மற்றவர்கள் மிச்சப் பலகாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும்போது, அம்மா அடுக்களை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். "ஒரே ஒரு தடவ எங்கண்ணன் எம் பந்தியில உக்காந்து எந்திரிச்சா போதும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்" என்பாள். தங்கை உமாவுக்கு விளாத்திகுளத்தில் மாப்பிள்ளை முடிவானபோது, எங்கள் வீட்டில் அதுதான் கடைசிக் கல்யாணம். இதிலும் விட்டால் அம்மாவின் ஆசைக்கு வேறு பந்தி கிடையாது.

அப்போதுதான் நான் தூத்துக்குடியில் சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சி மையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் நிமிடக் கணக்கு வைத்தால் அதிர்கிற கடிகாரம், வாய் நிறைய இங்கிலீஷ். வீட்டில் யாரையும் மனிதராகப் பார்ப்பதை விட்டிருந்தேன். அப்பா பேப்பரால் முகத்தை மறைத்தால், அது சும்மா பேப்பர் படிப்பது இல்லை, 'தவிர்ப்பு நடத்தை'. என் வீட்டுக்காரர் சட்னி நன்றாக இருக்கிறது என்று சொன்னால், எதற்காகச் சொல்கிறார் என்று இரண்டு நாள் யோசிப்பேன். (ஹார்பரில் கண்டெய்னர் ஏற்றி இறக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. ஆபீஸில் கப்பலே இவ்வளவு கேள்வி கேட்பதில்லை என்று புலம்புவார்.)

எங்கள் வகுப்பில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். டீச்சர் வேறு பிள்ளை பக்கம் திரும்பினால் போதும், தட்டு பறக்கும். தட்டு பறந்தால் டீச்சர் ஓடி வருவார். அவளுக்கு வேண்டியது அதுதான். திட்டினாலும் பரவாயில்லை, கிட்டே வந்து திட்டினால் சரி. எங்கள் மேடம் ஒரு வேலை செய்தார். அவள் தட்டை எறிந்தாலும் எறியாவிட்டாலும், சில நிமிடத்துக்கு ஒருமுறை தாமாகவே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தார். கேட்காமலே கிடைக்கிற ஒன்றுக்கு எதற்குத் தட்டை எறிய வேண்டும்? தட்டு பறப்பது மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு மேடம் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போனார். இதற்கு 'நான் கன்டின்ஜென்ட் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்' என்று பெயர். (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை அடுத்த தட்டை எடுத்துவிடும்.) நான் இதற்குக் 'கேட்காமல் கொடுத்தல்' என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

"ஆளைப் பார்த்து, அவங்களுக்கு என்ன வேணும், எவ்வளவு வேணும்னு பல நாள் கவனிச்சிட்டுத்தான் இதைத் தொடங்கணும். வீட்டு மனுஷங்ககிட்ட வித்தை காட்டக் கூடாது" என்று மேடம் சொன்னார். நான் மிகவும் பணிவாகத் தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே மாமாவின் துண்டு என் கண்முன் வந்துவிட்டது. அதே தட்டு! அதே ஓடி வருகிற டீச்சர்! மாமா பஸ்ஸில் ஏறாத ரகசியம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்கிற நினைப்பில் அன்று வீட்டுக்கு வரும்போது பஸ் நிறுத்தத்தைத் தவறவிட்டு ஸ்பிக்நகர் வரை போய்விட்டேன்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு மாமாவுக்கு நெஞ்சைப் பிடித்தது. அப்பா தூத்துக்குடி ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்தார். டாக்டர் பார்த்துவிட்டு, "வாயுதான். காப்பியைக் குறைங்க" என்று சொல்லிவிட்டார். மாமா நம்பவில்லை. "ஒண்ணுமில்லன்னு சொல்லதுக்கா இவ்வளவு பெரிய மிஷினு வச்சிருக்கான்?" என்று கேட்டார். வெளியே வரும்போது அப்பா மட்டும் டாக்டரிடம் தனியாக நின்று மெதுவாக ஏதோ பேசினார். அப்பா கேட்டது தன் மூட்டுவலிக்கு மருந்து. மாமா பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மண்டபத்தில் என் படையைக் கூட்டினேன். அப்பா, என் வீட்டுக்காரர், சித்தப்பா மகன் கணேசன். அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் அண்ணனிடமே போய், "அண்ணே, ஒனக்கு ஒரு வைத்தியம் வச்சிருக்காவ" என்று சொல்லிவிடுவாள்.

"பத்து நிமிஷத்துக்கு ஒருக்க மாமாகிட்ட யாராவது போகணும்" என்றேன். "காப்பி, தண்ணி, முந்திரி மக்ரூன், ஒரு நல்ல வார்த்தை, எதுனாலும் சரி. அவுக மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காகன்னு ஓடக் கூடாது. சிரிச்சா நிறுத்தவும் கூடாது. கடிகாரம் சொன்னா போகணும், அவ்வளவுதான்."

"காரணம் கேட்டாவன்னா?" என்றார் அப்பா.

"ஒண்ணும் சொல்லாதிய. கையத் தட்டிக் கொடுத்துட்டு, சிரிச்சுட்டு வந்துருங்க."

(இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் யாராவது என் வாயிலிருந்து பிடுங்கி எறிந்திருந்தால் பின்னால் வந்ததெல்லாம் நடந்திருக்காது.)

பந்திப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த காந்திமதி அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "எனக்கு யாரும் பத்து நிமிசத்துக்கு ஒருக்க காப்பி தர மாட்டியளோ? நானும் வேணும்னா பஸ் ஸ்டாப்ல போய் உக்காருதேன்" என்றாள்.

மறுநாள் வெள்ளென மாமா வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. வரும்போதே கண் ஃபிளெக்ஸைத்தான் தேடியது. இந்தத் தடவை அவர் படம் மாப்பிள்ளை படத்தைவிடப் பெரிது. குறை கண்டுபிடிக்க முடியாத ஏமாற்றத்தோடு உள்ளே வந்தவருக்கு நானே சந்தனம் கொடுத்து, நல்ல நாற்காலியாகப் பார்த்து, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்தேன். கடிகாரத்தைத் தட்டிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் அப்பா காப்பியோடு போனார். அடுத்த பத்தில் என் வீட்டுக்காரர் போய், வாழைக்கு இந்த வருஷம் காற்று எப்படி என்று விசாரித்தார். அடுத்ததில் கணேசன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். மறுபடி அப்பா, மறுபடி காப்பி. "இப்பதான மாப்ள குடிச்சேன்" என்றார் மாமா. "இருக்கட்டும் மச்சான்" என்று அப்பா கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். மரியாதையாகக் கொடுத்த காப்பியை மறுப்பது மாமா வழக்கத்தில் இல்லை. குடித்தார்.

சோதனை சீக்கிரமே வந்தது. காந்திமதி அத்தை தாம்பாளத்தோடு மாமாவை உரசுகிற மாதிரி போனாள். 'வாங்க' என்று ஒரு வார்த்தை இல்லை. மற்ற நாளாக இருந்தால் துண்டு அந்த நிமிடமே பறந்திருக்கும். நான் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அதே நேரம் கடிகாரம் அதிர, கணேசன் மக்ரூன் பொட்டலத்தோடு போய் நின்றான். மாமா அத்தையைக் கவனிக்கவே இல்லை! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மையத்தில் இதைப் பற்றிப் பேச மேடம் என்னைக் கூப்பிடுவதாகவும், நான் முதலில் தயங்குவதாகவும், பிறகு பேசுவதாகவும் நினைத்துக்கொண்டேன். கைதட்டல்கூடக் கேட்டது.

அந்தக் கைதட்டலில் மாமா முகம் மாறியதை நான் பார்க்கவில்லை. காலையில் குறை தேடி அலைந்த கண் ஒரே இடத்தில் நிலைத்துவிட்டது. காப்பியை இரண்டு கையாலும் வாங்க ஆரம்பித்தார். எதிரே ஓடிய குழந்தையை நிறுத்தித் தலையைத் தடவிவிட்டார். 'பாத்தியா, என்ன அமைதி' என்று நான் பெருமைப்பட்டேன்.

என் வீட்டுக்காரர் முறை வந்தது. மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"மாப்ள, நீங்க படிச்சவிய. உண்மையச் சொல்லுங்க. அந்த ஸ்கேனுல என்ன வந்துச்சு?"

இவர் என்ன செய்திருக்க வேண்டும்? 'வாயு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் மனைவி போட்ட சட்டத்துக்குப் பயந்த மனிதர். கையைத் தட்டிக் கொடுத்தார். சிரித்தார். வந்துவிட்டார்.

அடுத்தது அப்பா. மணவறையில் ஐயர் ஓமம் வளர்த்துக்கொண்டிருந்தார். புகை முழுக்க அப்பா முகத்தில். கண்ணெல்லாம் சிவந்து, தண்ணீர் தாரை தாரையாக ஓட, மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு டம்ளர் பாயசத்தைக் கொண்டுபோய் நீட்டினார். "குடிங்க மச்சான். நீங்க ஆசப்பட்டதையெல்லாம் சாப்பிடணும்" என்றார். (பாயசம் என் பட்டியலிலேயே இல்லை. அப்பா சொந்தமாகச் சேர்த்தது.)

அதற்கும் அடுத்தது கணேசன். கேமராவோடு போய், "மாமா, தனியா ஒரு போட்டோ. நேரா பாருங்க. சிரிக்க வேண்டாம், லேசா" என்றான்.

"எதுக்குலே தனியா?"

"இருக்கட்டும் மாமா. பின்னால ஒதவும்."

அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். கடிகாரத்தைப் பார்த்து நடந்துகொள்ளச் சொன்னால் மனிதர்கள் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள்.

தாய்மாமா மாலை போட்டுப் பெண்ணை மணவறைக்கு அழைத்து வர வேண்டிய நேரம் வந்தது. மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்திருந்தார். மாமா எழுந்தார். பெண் இருக்கும் அறைக்குப் போகாமல், மேடை ஓரத்தில் அறிவிப்பு செய்துகொண்டிருந்தவரிடம் போய் மைக்கை வாங்கினார். வாழ்த்திப் பேசப் போகிறார் என்று நினைத்து நான் கணேசனை வீடியோ எடுக்கச் சொன்னேன்.

"சொந்தபந்தங்களுக்கு வணக்கம். நான் ரொம்ப நேரம் எடுக்க மாட்டேன். எனக்கே ரொம்ப நேரம் இல்ல."

முன்வரிசைப் பெரியவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"இந்தக் குடும்பத்துல நான் கோவிக்காத விசேசம் கெடையாது. யாரும் மனசுல வச்சுக்கிடாதிய. காந்திமதி, ஒந்தட்டு முன்னால இருந்துச்சு, இருந்துட்டுப் போகட்டும். பெரியவ கல்யாணத்துல ஃபிளெக்ஸ் கிழிஞ்சுதுல்லா, அது கச்சான் காத்து இல்ல. நான்தான். பிளேடு வாங்கிட்டு வந்து கிழிச்சேன்."

சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"தோட்டத்துல கெழக்க நிக்க செவ்வாழ அம்புட்டும் என் தங்கச்சிக்கு. நான் இல்லன்னு அவள யாரும் அழ விட்ராதிய."

"அண்ணே!" என்று அம்மா போட்ட சத்தம் ஹார்பர் வரை கேட்டிருக்கும். அம்மா அழுததும் பக்கத்தில் இருந்த பெண்கள் காரணம் தெரியாமலே சேர்ந்து அழுதார்கள். தாலி கட்டும் இடத்தில் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது என்று பதறிய மேளக்காரர்கள் அதை அமுக்குவதற்காகக் கெட்டிமேளம் அடித்தார்கள். கெட்டிமேளம் கேட்டதும் ஐயர் பழக்கதோஷத்தில் தாலியை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளை அதை வாங்கிக்கொண்டு திரும்பினார். பக்கத்தில் பெண் இல்லை. கையில் தாலியோடு அந்தப் பையன் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்துவிட்டார். நல்ல மனுஷி, அன்றுவரை சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"என்ன நோவு அவருக்கு? பரம்பரைல வார நோவா? பொண்ணு எடுக்க வந்த வீட்டுல இத எங்ககிட்ட ஏன் மறைச்சிய?" என்று கேட்டார். அவர் பின்னால் விளாத்திகுளமே எழுந்து நின்றது.

அப்பா என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பெண் அறைக் கதவைத் திறந்து, பாதிப் பூ வைத்த தலையோடு உமாவும் என்னைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே உறைத்தது. இந்தக் கல்யாணம் நின்றால் என் வாழ்நாள் முழுக்க அவள் முகத்தில் விழிக்க முடியாது.

நான் மைக்கை வாங்கினேன். தவில்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னேன். ஆயிரம் முறை வாயில் உருட்டிய அந்த இங்கிலீஷ் பெயர் அன்று எனக்கு வரவில்லை. "மாமாவுக்கு ஒரு நோயும் இல்ல. வெறும் வாயு. அவுக கோவிக்காம இருக்கணும்னு நான்தான் பத்து நிமிஷத்துக்கு ஒருக்க ஆள் அனுப்பினேன். எங்க மையத்துல சின்னப் புள்ளைகளுக்குச் செய்யுத பயிற்சி" என்று ஒரே மூச்சில் சொன்னேன். மைக் நன்றாக வேலை செய்தது.

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அப்போ நான் சாகலையா?"

"இல்ல மாமா."

"அப்போ காலையில இருந்து வந்ததெல்லாம் கடிகாரத்தப் பாத்து வந்த மரியாதையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கையில் கடிகாரம் அதிர்ந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கணேசன் வந்தான். "மாமா, காப்பி" என்றான்.

மண்டபம் சிரித்த சிரிப்பில் வாழைமரமே ஆடியது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் சிறிய போட்டோவுக்கும் சீர்த்தட்டுக்கும் கோபித்தவருக்கு, முதல்முறையாகக் கோபிக்க நியாயமான காரணம் கிடைத்திருந்தது. துண்டை உதறினார். தோளில் போட்டார். வாசலைத் தாண்டினார்.

வழக்கம்போல் அப்பா செருப்பைத் தேடினார். "நீங்க நில்லுங்க" என்றாள் அம்மா. பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தனியாகத் திருச்செந்தூர் ரோட்டில் இறங்கினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். எதற்கும் இருக்கட்டும் என்று காந்திமதி அத்தையும் வந்தாள்.

மாமா அவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார். அம்மா கையைப் பிடிக்கவில்லை, தாடையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கூப்பிட வந்தியா?" என்றார் மாமா.

"இல்ல. சும்மா உக்கார வந்தேன்."

ஹார்பருக்குப் போகிற லாரிகள் வரிசையாகப் போயின. அம்மா அவற்றை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்த மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏளா, முகூர்த்தம் போகுது. எந்திரிச்சுப் போ."

"போகட்டும்."

"பொண்ணப் பெத்தவ பேசுத பேச்சா இது? எந்திரிளா!"

"நீ பஸ் ஏறு. நான் பாத்துட்டுப் போறேன்."

ஏரல் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, "ஏறுதியளா?" என்றார். "இல்ல" என்று அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பஸ் போய்விட்டது.

மாமா பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது. கோபித்துக்கொள்கிற குரல் இல்லை அது. அதுவரை நான் கேட்டிராத குரல். "நான் கத்தாம இதுவரைக்கும் எனக்கு ஒருத்தன் ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து கொடுத்ததில்லளா. இன்னைக்கு வாயே தொறக்கல, காப்பியா வருது. சாவு வந்துட்டுன்னு நெனைக்காம வேற என்னன்னு நெனைக்க?"

நான் படித்த பாடம் முழுக்க அந்த ஒரு பேச்சில் இருந்தது. அந்தச் சின்னப் பெண்ணின் பக்கத்தில் மேடம் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார், என்னவெல்லாம் பேசுவார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் மாமாவுக்கு ஆள் அனுப்பினேனே தவிர, சந்தனம் கொடுத்த பிறகு ஒருமுறைகூடப் பக்கத்தில் போய் உட்காரவில்லை. வெட்கமாக இருந்தது.

அம்மா மூக்கைச் சிந்தினாள். "சாவப் போறோம்னு நெனச்சியே, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"நல்ல நாளும் அதுவுமா ஒன்ன அழ வைக்க வேண்டாம்னுதான்."

"அதுக்குத்தான் மைக்குல சொன்னீராக்கும்" என்றாள் காந்திமதி அத்தை.

முதலில் சிரித்தது மாமாதான். எழுந்து நின்று, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார். "வாளா, தாயி. கெஞ்சிக் கேக்கேன், வா. அங்கன மாப்பிள்ள தாலிய வச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு இருக்கான்" என்றார். இத்தனை வருஷமாக ஊரே அவரைக் கெஞ்சியது போக, அன்று அவர் கெஞ்சி அம்மாவை மண்டபத்துக்குள் அழைத்து வந்தார். சம்பந்தியம்மாவிடம் நேரே போய், "வாயுதான் தாயி. வேணும்னா ஸ்கேன் எடுத்த மிஷினுகிட்டயே கேளுங்க" என்றார். உமாவுக்கு மாலை போட்டார். கெட்டிமேளம் இந்த முறை உரிய இடத்தில் ஒலித்தது. தாலி ஏறிய கையோடு புது மாப்பிள்ளை உமா காதில் ஏதோ கேட்டார். என்ன என்று பிறகு விசாரித்தேன். "ஒங்க அக்கா என்னையும் கடிகாரம் வச்சுத்தான் கவனிப்பாங்களா?" என்று கேட்டாராம்.

பந்தி போட்டார்கள். அம்மா முதல் பந்தியில் நல்ல தலைவாழை இலையாகப் பார்த்து அண்ணனுக்குப் போட்டாள். மாமா உட்கார்ந்தார். அம்மா சோறு எடுத்தாள். மாமா இலையைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார், ஒரு ஏப்பம் விட்டார்.

"ஏளா, தப்பா நெனைக்காத. கழுத்து வரைக்கும் காப்பி நிக்கி. ஒரு பருக்க எறங்காது."

ஆக, மாமா பந்தியில் உட்கார வேண்டும் என்பதற்காக நான் செய்த ஏற்பாட்டால், உட்கார்ந்த மாமாவால் சாப்பிட முடியவில்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் இலையாக இருந்திருந்தால் மடங்கியிருப்பேன். ஆனால் மாமா ஊருக்குக் கிளம்பவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பந்தியாக நின்று, கேட்காத இலைக்கெல்லாம் சாம்பார் ஊற்றினார். அப்பளம் தீர்ந்து, ரசம் தண்ணீராகி, சமையல்காரர்கள் தங்களுக்கு இலை போட்ட கடைசிப் பந்தியில் அம்மாவைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துச் சாப்பிட்டார். இரண்டு தடவை சோறு வாங்கினார். அம்மா சாப்பிடாமல் அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவிய பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஏளா, ஒன் வைத்தியம் அந்தப் புள்ளையளுக்குப் பலிக்குமா?"

"பலிக்கும் மாமா."

"அதுகளுக்காவது காப்பி கொடுக்காத" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சும்மா ஒரு நல்லது செய்துவிட முடியாது. என் வீட்டுக்காரருக்கு ஒரு தோசை அதிகமாக வைத்தால், "ஸ்கேனுல என்ன வந்துச்சு?" என்று கேட்கிறார். உமாவின் மாமியாரும் இப்போது அதையேதான் கேட்கிறார். கணேசன் எடுத்த அந்தத் தனிப் போட்டோ மிக நன்றாக வந்திருந்தது. மாமா அதைப் பெரிதாகச் சட்டம் போட்டு ஏரல் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார். புதிதாக வருகிறவர்கள் படத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "எப்போ?" என்று கேட்பார்கள். "இன்னும் இல்ல, உக்காருங்க" என்று உள்ளறையிலிருந்து மாமா குரல் கொடுப்பார்.

விசேஷ வீடுகளில் அவர் இப்போதும் கோபிப்பார். ஆனால் துண்டு தோள் வரைதான் போகிறது. வாசல் வரை போவதில்லை. அதற்கு என் கடிகாரம் காரணம் இல்லை. கல்யாணம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் அம்மா காலையில் அவருக்குப் போன் செய்கிறாள். விசேஷம் ஒன்றும் இருக்காது. ஆரம்பத்தில் மாமா பயந்துபோய், "என்னளா, டாக்டரு ஏதும் சொன்னாரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லண்ணே, சும்மாதான்" என்பாள் அம்மா. இப்போது அவர் அப்படிக் கேட்பதில்லை. ஆனால் எந்த ஞாயிறாவது அம்மா அடுக்களை வேலையில் மறந்துபோனால், கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்தே போன் வந்துவிடும்.

"என்னளா, நான் பொழச்சுக்கிட்டேன்னு தெரிஞ்சதும் விட்டுட்டியாக்கும்?"